இருநூற்றுப் பன்னிரண்டாம் நம்பர் ஊற்று

வட ஆற்காடு ஜில்லாவில் தண்ணீர் விலாசம் இல்லாமல் வாழ்ந்துவருகிறது என்பதை சர்க்கார் 1927-ஆம் வருஷம் கண்டுபிடித்தது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, யாரைக் கேட்டுக்கொண்டு போகிறது என்பதற்கு அதுவரை ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. மழை பெய்தது, ஆறு வந்தது, ஜனங்கள் உழுதார்கள், சாப்பிட்டார்கள். இவ்வளவு ஒழுங்கீனத்தை எந்த நாகரிக சர்க்கார் பொறுத்துக்கொள்ளும்?

ஆகவே வேலூரில் 'பாலாற்றுப் படுகை நீர்நில ஒழுங்குத் திட்ட ஸ்பெஷல் ஆபீஸ்' திறக்கப்பட்டது. முதல் ஆறு மாதம் பெயர்ப்பலகை எழுதுவதில் போயிற்று, ஏனென்றால் அவ்வளவு பெயரும் ஒரு பலகையில் அடங்கவில்லை. அடுத்த ஆறு மாதம் அந்த ஆபீஸுக்குக் குடிதண்ணீர் ஏற்பாடு செய்வதில் போயிற்று. அதன் பிறகு ஸ்பெஷல் தாசில்தார் வேலாயுதம் முதலியார், பி.ஏ., ஒரு பெட்டி கலர் பென்சிலோடு வேலையை ஆரம்பித்தார்.

திட்டம் ரொம்ப சுலபம். ஏரி, குளம், கால்வாய், ஊற்று, எது கண்ணில் பட்டாலும் அதற்கு ஒரு சர்வே நம்பர், ஒரு கல், ரிஜிஸ்தரில் ஒரு வரி. ஆற்று மணலைக்கூட விடாமல் கூறுபோட்டு நம்பர் கொடுத்தார்கள். மேப்பில் தண்ணீருக்கு நீலம், புறம்போக்குக்கு மஞ்சள், ஆக்கிரமிப்புக்குச் சிவப்பு. அந்த வருஷம் ஆம்பூர், வாணியம்பாடிப் பெரிய மனிதர்களிடையே இதுதான் மோஸ்தர். போன வருஷம் வாங்கிய கிராமபோனை உள்ளறைக்குத் தள்ளிவிட்டு, கூடத்தில் பாலாற்று மேப்பைக் கண்ணாடி போட்டு மாட்டினார்கள். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு படுகையைப் பற்றிப் பேசினார்கள். ஆற்றில் காலை நனைக்காதவர்கள்தான் அதிகம் பேசினார்கள்.

இந்த சமாசாரம் எதுவும் செங்கரைப்பட்டு கன்னியப்பனுக்குத் தெரியாது. தண்ணீர் எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும்.

செங்கரைப்பட்டு பள்ளிகொண்டாவுக்கு மேற்கே பாலாற்றங்கரையில் இருக்கிறது. கன்னியப்பன் அந்த ஊர் நீர்க்கட்டி. வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுவது, அடைப்பது, கால்வாயைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. அதற்காக அவனுக்கு முக்கால் காணி மானிய நிலமும், அறுப்புக் களத்தில் படி நெல்லும் உண்டு. பாலாறு வருஷத்தில் பத்து நாள் மணலுக்கு மேலே ஓடும், மற்ற நாளெல்லாம் மணலுக்கு அடியில் ஓடும். வெள்ளம் வடிந்து தை பிறந்ததும் கன்னியப்பன் விடியற்காலையில் வெறுங்காலோடு மணலில் நடப்பான். எந்த இடத்தில் உள்ளங்கால் சில்லிடுகிறதோ அங்கே நின்று ஒரு குரல் கொடுப்பான். ஊர் மண்வெட்டியோடு ஓடிவந்து அங்கே தோண்டும். மூன்று முழத்தில் தண்ணீர் கிடைக்கும். அங்கிருந்து வயலுக்குக் கால்வாய் வெட்டுவார்கள். அந்தத் தண்ணீரில்தான் நூற்றிருபது காணி நவரை நெல்லும், ஊருக்கு வெளியே நிசார் அஹமது சாஹிபின் தோல் பதனிடும் ஷாப்பும் பிழைத்தன.

ஒரு மாசி மாதம் முதலியார் தலையில் தொப்பியும் தொப்பிக்கு மேல் குடையுமாக ஆற்றில் இறங்கினார். பின்னால் குமாஸ்தா இருதயராஜ் ரிஜிஸ்தரைச் சுமந்துகொண்டு வந்தான்.

"ஊற்று எது?"

"இதாங்க சாமி."

ஆழமாகக் குழி வெட்டி, ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, ஒரு ஆள் உயரக் கல்லை நட்டார்கள். கன்னியப்பன் தலையைச் சொறிந்தான்.

"கல்லு நடுறது நடுங்க சாமி. ஆனா ஊத்து இந்த வருசம்தான் இங்க. அடுத்த வெள்ளம் வந்தா வேற எடத்துக்குப் போய்டும்."

"யாரைக் கேட்டுக்கொண்டு போகும்?"

"யாரையும் கேக்காதுங்க. அது பாட்டுக்குப் போவும்."

முதலியார் இருதயராஜ் பக்கம் திரும்பினார். "பார்த்தீரா? இதைத்தான் ஒழுங்கீனம் என்பது. எழுதும். சர்வே நம்பர் 212. ஊற்று ஒன்று. தன்மை, நிரந்தரம்."

"நெரந்தரம் இல்லீங்க சாமி..."

"ரிஜிஸ்தரில் இரண்டு கட்டம்தான் இருக்கிறது. ஒன்று 'நிரந்தரம்', இன்னொன்று 'இல்லை'. உன் ஊற்று இருக்கிறதா, இல்லையா?"

"இருக்குதுங்க."

"அப்போது நிரந்தரம்."

இப்படியாக ஊற்று நிரந்தரமாயிற்று. கன்னியப்பன் அன்று வீட்டுக்குப் போய்ப் பெண்சாதி எல்லம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அவன் சிரித்தது அதுதான் கடைசி என்று அவனுக்குத் தெரியாது, பாவம்.

ஐப்பசியில் பாலாறு வந்தது. அது ரிஜிஸ்தரைப் படித்திருக்கவில்லை. நான்கு நாள் இரு கரையும் தொட்டுப் புரண்டுவிட்டு வடிந்தது. சர்க்கார் கல் அசையாமல் நின்றது. ஊற்றுதான் இரண்டு பர்லாங்கு தள்ளிப் போய்விட்டது. கன்னியப்பன் வழக்கம்போல நடந்தான், கால் சில்லிட்டது, குரல் கொடுத்தான், ஊர் தோண்டியது, நாற்று நட்டார்கள். அந்தப் புதிய இடத்துக்கு மேப்பில் 219 என்று நம்பர். நிறம் மஞ்சள்.

மாதம் திரும்புவதற்குள் ஒரே உறையில் இரண்டு மெமோ வந்தன. நம்பர் 219 ஆற்றுப் புறம்போக்கில் அனுமதியின்றிக் கால்வாய் வெட்டியது ஆக்கிரமிப்பு என்றது ஒன்று. நம்பர் 212-இல் இருந்த சர்க்கார் ஊற்று ஒன்றைக் காணவில்லை, உடனே விளக்கம் தரவும் என்றது மற்றொன்று.

விசாரணை ஊர்ச் சாவடியில் நடந்தது. முதலியார் நாற்காலியில், ஊர் தரையில், கன்னியப்பன் நடுவில்.

"212-இல் ஊற்று இருந்தது. உண்டா?"

"இருந்துச்சுங்க."

"இப்போது இல்லை."

"இல்லீங்க."

"219-இல் முன்பு ஊற்று இல்லை. இப்போது இருக்கிறது. இரண்டு இடத்திலும் முதலில் போய் நின்ற ஆள் யார்?"

கன்னியப்பன் பின்னால் திரும்பிப் பார்த்தான். ஊரே அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. முந்தின நாள் "நான் பேசுறேன், நீ சும்மா இரு" என்று சொல்லியிருந்த ஊர் மணியக்காரர் சாவடி உத்தரத்தில் எத்தனை ஆணி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாந்தாங்க."

"ஆறு அரை மைல் அகலம். அதில் நீ நேராக 219-க்குப் போய் நின்றிருக்கிறாய். ஊற்று அங்கே இருக்கிறது என்று உனக்கு எப்படித் தெரிந்தது?"

"காலு சில்லுன்னுச்சுங்க."

"எந்தக் கால்?"

"சோத்தாங்கை பக்கத்துக் காலுங்க."

"எழுதும், இருதயராஜ். வலது கால்."

வலது காலுக்கு மை தடவி, காகிதத்தில் பதித்து, 'அ' குறியிட்ட சாட்சியம் என்று காகிதக் கட்டோடு கோத்தார்கள். கூட்டத்திலிருந்து எல்லம்மா எழுந்துவிட்டாள்.

"இன்னா அநியாயம் இது? ஊத்த இந்த ஆளு மடியில முடிஞ்சிகினா போனாரு?"

"எப்படிக் கொண்டுபோனான் என்பது போலீஸ் இலாகா விஷயம் அம்மா," என்றார் முதலியார் பொறுமையாக. "எங்கள் இலாகாவுக்கு வேண்டியது ஊற்றுதான். அது திரும்பி வந்துவிட்டால் எங்களுக்கு யார்மேலும் வருத்தமில்லை."

தீர்ப்பு வாசிக்கப்பட்டது. 219-இல் வெட்டிய கால்வாயை உடனே மூட வேண்டும். பதினைந்து நாளுக்குள் மேற்படி ஊற்றை 212-இல், முன்பிருந்த நிலையில், கல்லுக்கு அருகே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். தவறினால் கன்னியப்பனுடைய நீர்க்கட்டி வேலையும் மானியமும் ரத்து. இந்தத் தயவுக்காக மணியக்காரர் ஊர் சார்பில் எழுந்து நின்று நன்றி சொன்னார்.

கால்வாயை வெட்டிய ஊரே கால்வாயை மூடியது. ஐந்தாம் நாள் வயல் வெடித்தது. நட்ட நாற்று நுனி சிவந்து தொங்கியது. கன்னியப்பன் வரப்பில் உட்கார்ந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். வாழ்நாளில் முதல் தடவையாக அந்தக் காலின்மேல் அவனுக்கு வெறுப்பு வந்தது. இது சில்லிடாமல் இருந்திருந்தால் ஊர் எங்கேயோ தோண்டித் தண்ணீர் இல்லாமல் போயிருக்கும், பட்டினி கிடந்திருக்கும், ஆனால் யார்மேலும் குற்றம் வந்திருக்காது.

ஏழாம் நாள் நிசார் அஹமது சாஹிப் குதிரை வண்டி கட்டிக்கொண்டு வேலூருக்குப் புறப்பட்டார். தோல் ஷாப்புத் தொட்டிகளில் எண்ணூறு தோல் தண்ணீரில்லாமல் கிடந்தது. தாலுகா போர்டு மெம்பர் என்பதால் அவருக்கு முதலியார் எதிரே நாற்காலி கிடைத்தது.

"ஜனாப், தண்ணி 219-ல இருக்குது. 219-ன்னு ரிஜிஸ்தர்ல மாத்தி எழுதிட்டா முடிஞ்சுது. ஒரு கோடுதானே?"

"தாராளமாக. மனு கொடுங்கள். சர்வே இலாகா, ரெவினியூ இலாகா, மராமத்து இலாகா மூன்றும் சம்மதித்தால் இரண்டு வருஷத்தில் மாற்றிவிடலாம்."

"ரெண்டு வருசமா? ரெண்டே நாள்ல ஆம்பூர் பூரா மூக்கைப் பொத்திக்கும்! தோல் அழுகுது ஜனாப், பெரிய பேஜாராப் போச்சு."

"தோலுக்கு நம்பர் இருக்கிறதா?"

"இல்லியே."

"நம்பர் இல்லாததைப் பற்றி இந்த ஆபீஸில் பேச முடியாது," என்றார் முதலியார் வருத்தத்தோடு.

வெளியே வராந்தாவில் குமாஸ்தா இருதயராஜ் சாஹிபை ஓரமாக அழைத்தான். நல்ல பையன், கான்வென்ட்டில் படித்தவன். எட்டு வருஷம் சர்க்கார் ஆபீஸ்களில் இருந்ததால் ஆர்டரை எப்படிப் படிக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும்.

"சாஹிப், ஆர்டரை நல்லாப் பாருங்க. 212-ல தண்ணி இருக்கணும்னுதான் போட்டிருக்கு. அது எங்கேயிருந்து வரணும்னு போடலை. 219-ல கால்வாய் வெட்டக்கூடாதுன்னு போட்டிருக்கு. பீப்பாயில மொள்ளக்கூடாதுன்னு போடலை."

சாஹிப் ஆர்டரை மறுபடி ஒரு தரம் படித்தார். பிறகு இருதயராஜின் கையைப் பிடித்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

மறுநாள் பன்னிரண்டு மாட்டு வண்டிகள் ஆற்றில் இறங்கின. தோல் ஷாப்புப் பீப்பாய்களை ஏற்றி, 219-இல் தண்ணீர் மொண்டு, மணலில் மாடு நுரைதள்ள இரண்டு பர்லாங்கு இழுத்துவந்து, 212-ஆம் நம்பர் கல்லுக்குப் பக்கத்தில் கொட்டினார்கள். மணல் உறிஞ்சிவிடாமலிருக்க அங்கே பெரிய குழி வெட்டிக் களிமண் பூசியிருந்தார்கள். அந்தக் குழியிலிருந்து பழைய கால்வாய் வழியாகத் தண்ணீர் ஊருக்குப் போயிற்று. தானாகப் போய்க்கொண்டிருந்த தண்ணீரை மூடிவிட்டு, மாடு கட்டி இழுக்கிற இந்த ஏற்பாட்டில் நூற்றிருபது காணிக்குப் பதில் முப்பது காணிதான் நனைந்தது. ஆனால் ஆக்கிரமிப்பு அறவே நீங்கிவிட்டது.

பதினைந்தாம் நாள் முதலியார் வந்தார். கல்லைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். தண்ணீர் தளும்பியது. வண்டித் தடங்கள் மணலில் ஒரு சாண் ஆழத்துக்குப் பதிந்திருந்தன. அவற்றுக்கு நம்பர் இல்லாததால் முதலியார் அவற்றைப் பார்க்கவில்லை.

"பார்த்தாயா கன்னியப்பா? கண்டிப்பாக இருந்தால் எதுவும் திரும்பி வரும்."

"வருதுங்க சாமி," என்றான் கன்னியப்பன். நடுவழியில் ஒரு வண்டியின் அச்சு முறிந்து நின்றது அவனுக்குத்தான் தெரியும்.

முதலியார் ஒரு டம்ளர் மொண்டு குடித்தார். முகம் லேசாகக் கோணியது. "கொஞ்சம் துவர்க்கிறதே?"

பீப்பாய்கள் அத்தனை வருஷமும் தோல் பதனிட ஆவாரம்பட்டை ஊறிய பீப்பாய்கள்.  நிசார் அஹமது சாஹிப்தான் முன்னால் வந்தார்.

"சத்து ஜனாப், சத்து! இரும்புச்சத்து ஜாஸ்தி."

"அப்படியா? நம்பர் கொடுத்த பிறகு தண்ணீரின் குணமே மாறிவிடுகிறது. எழுதும், இருதயராஜ்."

எழுதினான். அது கெஸட்டில் வந்தது. அதற்குப் பிறகு ஆம்பூர்ப் பெரிய வீடுகளில் கூடத்து மேப்புக்குக் கீழே ஒரு கூஜா '212 தண்ணீர்' வைப்பது மோஸ்தராயிற்று. விருந்தாளிகள் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, முகத்தைச் சுளிக்காமல் "ஜீரணத்துக்கு நல்லது" என்று சொல்ல வேண்டும். சோளிங்கருக்கு மலையேறப் போனவர்கள்கூட வழியில் செங்கரைப்பட்டில் இறங்கி ஒரு பாட்டில் வாங்கிப்போனார்கள். வேறு மூன்று ஜில்லாக்களிலிருந்து ஸ்பெஷல் தாசில்தார்கள் வந்து ஊற்றைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தங்கள் ஜில்லாவில் தண்ணீர் எவ்வளவு கேவலமாகச் சுதந்திரமாகத் திரிகிறது என்று வெட்கப்பட்டுக்கொண்டு போனார்கள்.

இவ்வளவு கீர்த்தி பெற்ற ஊற்றைச் சும்மா விட முடியுமா? 'ஊற்றுப் பராமரிப்பு' என்று ஒரு தலைப்புத் திறந்து ஆள் நியமித்தார்கள். வண்டிக் காண்டிராக்ட் மணியக்காரருக்கு. பீப்பாய் காண்டிராக்ட் நிசார் அஹமது சாஹிபுக்கு. குழியில் கொட்டுவதற்குப் பத்துப் பெண்கள், அவர்களுக்கு மேஸ்திரி கோவிந்தம்மாள். எல்லம்மாவுக்கும் அதில் ஓர் இடம். கல்லுக்கு ஒரு காவல்காரன், காவல்காரனுக்கு ஒரு குடிசை. ஆரம்பத்தில் சாவடியில் உட்கார்ந்து சர்க்காரை வாய் வலிக்கத் திட்டிய அதே ஜனங்கள், இப்போது காலையில் எழுந்ததும் "இன்னைக்கு எத்தினி நடை?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். காய்ந்துகிடந்த தொண்ணூறு காணியைப் பற்றி யாரும் பேசவில்லை. உழுகிறவனுக்கு நேரம் ஏது? பள்ளிகொண்டாச் சந்தையில் ரங்கூன் அரிசி மலிவாகக் கிடைத்தது.

கன்னியப்பனையும் சர்க்கார் மறக்கவில்லை. ஊற்றைத் திருப்பிக் கொண்டுவந்தவன் அல்லவா? அவனுக்கு 'ஊற்று சூபர்வைசர்' என்று பட்டம், காக்கிக் கோட்டு, பித்தளை வில்லை, ஒரு விசில். அதோடு ஆம்பூர்த் தோலில் தைத்த கனமான பூட்ஸ் ஒரு ஜோடி. வேலை நேரத்தில் பூட்ஸைக் கழற்றக்கூடாது என்று விதி. கோட்டை மாட்டிக்கொண்டு முதல் நாள் அவன் தெருவில் வந்தபோது எல்லம்மா வாசலில் நின்று பார்த்தாள்.

"இன்னாய்யா இது, யாரோ ஆபீசரு வர்றாருன்னு பாத்தேன்."

"வாரு கட்ட வர மாட்டேங்குது, கொஞ்சம் கட்டி வுடு," என்றான் கன்னியப்பன். அவனுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

அடுத்த ஐப்பசியில் பாலாறு மறுபடி வந்தது. இந்தத் தடவையும் ரிஜிஸ்தரைப் படிக்காமல்தான் வந்தது. தை பிறந்து, வண்டிகள் 219-க்குப் போய்ப் பார்த்தால், அங்கே மணல்தான் இருந்தது. ஊற்று அங்கிருந்தும் போய்விட்டது. பன்னிரண்டு வண்டியும் காலிப் பீப்பாயோடு ஆற்றில் வரிசையாக நின்றன. ஊர் முகத்தில் ரத்தமில்லை. வயல் காய்ந்தபோதுகூட அவர்கள் அப்படிப் பதறவில்லை.

"கன்னியப்பா, எங்கனா பாருய்யா!" என்றார் மணியக்காரர். "வண்டிக்குத் தண்ணி வேணும். காண்டிராக்ட் போய்ட்டா நம்ம கதி இன்னா ஆவுறது?"

கன்னியப்பன் பூட்ஸோடு மூன்று நாள் நடந்தான். மூன்று நாளும் ஒன்றும் தெரியவில்லை. நாலாம் நாள் காலை குதிகால் கொப்பளித்து நடக்க முடியாமல் 212-ஆம் நம்பர் கல்லில் சாய்ந்து உட்கார்ந்தான். வலது பூட்ஸைக் கழற்றி, களிமண் குழிக்கு ஓரமாக வெறும் மணலில் காலை வைத்தான்.

சில்லென்றது.

இடது பூட்ஸையும் கழற்றி வைத்துப் பார்த்தான். சந்தேகமே இல்லை. ஊற்று போன இடமெல்லாம் போய்விட்டு, சர்க்கார் கல்லின் காலடிக்கே திரும்பி வந்து, மூன்று முழத்துக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. தோண்டினால் நூற்றிருபது காணிக்கும் தண்ணீர். ஆக்கிரமிப்பும் இல்லை, மெமோவும் இல்லை. அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. குரல் கொடுப்பதற்காக வாயைத் திறந்தான்.

திறந்த வாயோடு கரையைப் பார்த்தான். வண்டி, வண்டிக்குப் பக்கத்தில் வண்டிக்காரன். கொட்டுகிற பெண்கள் பத்துப் பேரும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்கள், நடுவில் எல்லம்மா. காவல்காரனின் குடிசையில் அடுப்புப் புகை. அத்தனை பேரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் தானாக வந்துவிட்டால் இவர்கள் யாரும் வேண்டியதில்லை. சூபர்வைசரும் வேண்டியதில்லை. இன்னொன்றும் அவன் மனசில் பட்டது. இதைக் கண்டுபிடித்தவன் யார் என்று மறுபடி ஒரு விசாரணை வரும். இங்கே ஊற்று இப்போதுதான் வந்தது என்றால், இத்தனை நாள் இங்கே இருந்தது என்ன என்று கேட்பார்கள். காலுக்கு மறுபடி மை தடவுவார்கள்.

"இன்னா கன்னியப்பா, கெடைச்சுதா?" என்று மணியக்காரர் கரையிலிருந்து கத்தினார்.

கன்னியப்பன் குனிந்தான். காலை மணலிலிருந்து எடுத்துத் துடைத்து பூட்ஸுக்குள் விட்டான். ஒரு வருஷப் பழக்கம், இப்போது வாரை அவனே கட்டிக்கொள்வான்.

"இங்க ஒண்ணும் இல்லீங்க," என்றான். "மேலப்பட்டு ஏரியில தண்ணி கெடக்குது. அங்கதான் போவணும்."

"மூணு மைலு ஆச்சேய்யா!"

"மூணு மைலுதாங்க."

மணியக்காரர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். பிறகு அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "அப்போ வண்டியும் ஜாஸ்தி வேணுமே!" என்றார். நிசார் அஹமது சாஹிபின் ஆள் பீப்பாயும் ஜாஸ்தி வேணும் என்றான். கோவிந்தம்மாள் இன்னும் நாலு பெண்கள் வேணும் என்றாள். ஊர் சிரித்துக்கொண்டே கலைந்தது. எல்லம்மா மட்டும் சற்று நின்று கன்னியப்பனின் பூட்ஸைப் பார்த்தாள். வாரில் ஈரமணல் ஒட்டியிருந்தது. பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கோவிந்தம்மாளின் பின்னால் போனாள்.

அன்று மாலை கன்னியப்பன் வழக்கம்போலக் கணக்குப்பிள்ளையிடம் போய் வாராந்தர ரிப்போர்ட் சொன்னான். "நம்பர் 212-இல் ஊற்று நல்ல நிலையில் இருக்கிறது. தண்ணீர் போதுமான அளவு உண்டு." ஒரு வருஷமாக வாராவாரம் அதே இரண்டு வரிதான். ஸ்பெஷல் ஆபீஸ் தொடங்கிய நாள் முதல் அந்த ரிஜிஸ்தரில் ஏறிய முதல் உண்மை அன்றைக்கு ஏறியது. கன்னியப்பன் அதற்குக் கீழே கட்டைவிரலைப் பதித்தான். வேலூரில் முதலியார், அதற்குள் ராவ் சாஹிப் பட்டம் வாங்கிவிட்டவர், அதைப் படிக்காமலே நீலப் பென்சிலால் சரி போட்டார்.

மறுநாள் விடிந்ததும் இருபத்துநாலு வண்டிகள் மேலப்பட்டு ஏரிக்குப் புறப்பட்டன. மத்தியானம் முதல் வண்டி திரும்பி வந்தபோது, கல்லுக்குப் பக்கத்தில் ஊற்றுக்கு நேர்மேலே பூட்ஸை அழுத்தி வைத்து நின்றுகொண்டிருந்தான் சூபர்வைசர் கன்னியப்பன். விசிலை ஊதினான்.

"கொட்டுங்க," என்றான்.